பெயர்கள் ஓடி முடியட்டும், தயவுசெய்து

ஓடிடி பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான்கு வருடமாக உங்களுக்குச் சந்தா கட்டுகிறவன் எழுதுகிறேன். இடையில் இரண்டு முறை கட்டணத்தை ஏற்றினீர்கள், பேசாமல் கட்டினேன். இந்த மடல், படம் முடிந்ததும் அடுத்ததற்குத் தாவ நீங்கள் கொடுக்கும் அந்த ஐந்து விநாடியைப் பற்றியது.

போன சனிக்கிழமை இரவு ‘அப்சொலூட்டே கிகான்டன்’ பார்த்தேன். ஜெர்மன் படம், 1999இல் செபாஸ்டியன் ஷிப்பர் இயக்கிய முதல் படம். ஹாம்புர்க்கில் மூன்று நண்பர்கள். ஃப்ளாயிட் சரக்குக் கப்பலேறிப் போகப்போகிறான். ரிக்கோவிடமும் வால்ட்டரிடமும் அவன் விஷயத்தைச் சொல்லும்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு ராத்திரி. பழைய ஃபோர்டு காரில் சுற்றுகிறார்கள், வம்பில் மாட்டுகிறார்கள். நடுவில் ஒரு மேசைக் கால்பந்து ஆட்டம். சண்டைப் படத்து கிளைமாக்ஸ் மாதிரி எடுத்திருக்கிறார் மனுஷன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு, விடியும் நேரத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. உடனே திரை தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போனது. ‘அடுத்தது: 5, 4, 3...’ ரிமோட்டோ சோஃபா இடுக்கில். எடுப்பதற்குள் சமையல் போட்டி வந்துவிட்டது. ஒரு அம்மாள் வெங்காயம் நறுக்குகிறார். என் கண்ணீருக்குக் காரணம் கிடைத்தது, அந்த மட்டில் நன்றி.

ஃப்ளாயிடாக நடித்த ஃப்ராங்க் கீரிங் 2010இல், 38 வயதில் இறந்துபோனார். அவர் பெயரை ஒரு தடவை நிதானமாகப் படிக்க நினைத்தது தப்பா? பாட்டில் எது ரொம்ப அழகோ அந்த இடத்திலேயே ரெக்கார்டு மாட்டிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்று படத்தில் ஆசைப்படுகிறவனே ஃப்ளாயிட்தான். நீங்களோ ரெக்கார்டையே மாற்றிவிடுகிறீர்கள்.

அமைப்புகளில் அணைத்து வைக்கலாமே என்பீர்கள். அணைத்தேன். அடுத்த அப்டேட்டில் தானாக மறுபடி முளைத்தது. புகார் அனுப்பினால், இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லிப் பதில் வருகிறது. முகப்பு இசையைத் தாண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் பார், முடிவதற்குள் அடுத்ததற்கு ஓடு! சரி, அப்புறம் படம் எதற்கு? கதைச்சுருக்கத்தை மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடுங்களேன், எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

கோபத்தில் கொஞ்சம் தடம் மாறிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். பெயர்கள் முழுத்திரையில் கடைசி வரி வரை ஓடட்டும். ஒருமுறை அணைத்தால் அணைந்தே இருக்கட்டும்.

கூடவே, அந்தச் சமையல் போட்டியை நான் பார்த்தவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் உபகாரமாக இருக்கும். சனிக்கிழமையிலிருந்து முகப்பு முழுக்க வாணலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரன்