கறுப்பு வண்டிகளை முதலில் வாங்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. உன் மாடல் ரயில் அமைப்பைப் படம் எடுத்து நீ அனுப்பியதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலை வளைவில் தண்டவாளம் போட்டிருக்கும் விதம் ரொம்பப் பிடித்திருந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் போகிற சைடிங்கும் (கிளைத் தண்டவாளம்) தயார். இனி வண்டிகள்தான் பாக்கி, அதிலும் எண்ணெய் ஏற்றும் உருளை வண்டிகளான டேங்க் கார்கள். "எந்த டேங்க் கார் வாங்கலாம், பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வருஷத்தையும் ஊரையும் நீ முடிவு செய்துவிட்டதே பெரிய காரியம். 1949, பென்சில்வேனியா, பிராட்ஃபோர்டு மலைப்பகுதி. இனி எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 1949இல் இது இந்த ஊருக்கு வந்திருக்குமா, வந்திருந்தால் எதற்காக? நீ குறித்து வைத்திருக்கும் வண்டிகளில் மேலே மூன்று டோம் (குமிழ் மாதிரி மேடு) வைத்த வெள்ளி நிற டேங்க் கார்கள் இருக்கின்றன, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கிறது, எண்ணெய்க் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதியவை சில இருக்கின்றன. யூனியன் டேங்க் கம்பெனியின் எழுத்தான யூடிஎல்எக்ஸ் போட்ட கறுப்பு வண்டி ஒன்றுகூட இல்லை. எனக்கு மனசு ஒப்பாதது அங்கேதான்.

யூடிஎல்எக்ஸ் கதை உன் ஊர்ப்பக்கத்துக் கதை. அதே வடமேற்குப் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில்லில் 1859இல் டிரேக் கிணற்றில் எண்ணெய் வந்தது. அதைப் பீப்பாயில் அடைத்துக் குதிரை வண்டியில் ஏற்றி, சேற்றில் இழுத்து ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். பீப்பாய் வழியெல்லாம் ஒழுகும். சில சமயம் எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு விலை அதிகம். 1865இல் டென்ஸ்மோர் சகோதரர்கள் ஒரு தட்டை வண்டியின்மேல் இரண்டு பெரிய மரத் தொட்டிகளை நிறுத்தி எண்ணெயை நேரடியாக ஊற்றி அனுப்பினார்கள். தொட்டி உயரம், பாரமெல்லாம் மேலே, ஆட்டமும் ஒழுகலும் வேறு. சில வருஷங்களிலேயே அதை விட்டுவிட்டு, பாய்லர் மாதிரி இரும்பு உருளையைப் படுக்கவைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அப்போது பிடித்த உருவம்தான் இன்றைக்கும்.

1866இல் கேப்டன் வாண்டர்கிரிஃப்ட் என்பவர் ஆரம்பித்த ஸ்டார் டேங்க் லைனை 1873இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் வாங்கியது. அதுதான் பிறகு யூனியன் டேங்க் லைன். எண்ணெய்க் கிணறு எவனிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், எண்ணெயை ஏற்றிப்போக வண்டி யாரிடம் இருக்கிறதோ அவன் கையில்தான் வியாபாரம் என்பது ராக்ஃபெல்லருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1911இல் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலைப் பிரித்தபோது வண்டிக் கம்பெனியும் தனியாகப் போனது. 1919இல் யூனியன் டேங்க் கார் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்னொரு பக்கம், 1898இல் மாக்ஸ் எப்ஸ்டைன் என்பவர் பழைய வண்டிகள் சிலவற்றை வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து ஜிஏடிஎக்ஸ் ஆனது. நீ எடுத்துக்கொண்ட காலத்தில் இந்த இரண்டு எழுத்துகளும் இல்லாத கூட்ஸ் யார்டு அபூர்வம்.

வண்டியின் பக்கவாட்டில் போட்டிருக்கும் குறியெழுத்து எக்ஸில் முடிந்தால் அது ரயில்வே கம்பெனியின் சொத்து இல்லை, தனியாருடையது. டேங்க் காரில் ஒரு சரக்கைத்தான் ஏற்ற முடியும், திரும்பி வரும்போது காலி. அதில் பணம் போட ரயில்வேக்காரர்களுக்கு மனசு வரவில்லை. வண்டி சொந்தக்காரருக்கு மைல் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நாடு முழுக்கக் கறுப்பு வண்டிகளாக ஓடியதற்குக் காரணம் இதுதான். வாடகை வண்டி இன்றைக்கு ஒருவரிடம், அடுத்த வருஷம் இன்னொருவரிடம். அதில் யார் பெயரைப் பெரிதாக எழுதுவது? எண்ணெய் வழிந்தாலும் கறுப்பில் தெரியாது.

சொந்த வண்டி வைத்திருந்த எண்ணெய்க் கம்பெனிகளும் உண்டு. சிங்க்ளேருக்கு எஸ்டிஆர்எக்ஸ், டெக்சகோவுக்கு டிசிஎக்ஸ், கல்ஃபுக்கு ஜிஆர்சிஎக்ஸ், ஃபிலிப்ஸுக்குப் பிஎஸ்பிஎக்ஸ். ஆனால் ஓக்லஹோமா ஃபிலிப்ஸின் வண்டி, போட்டிக் கம்பெனிகள் நிறைந்த பிராட்ஃபோர்டில் தினமும் வந்து நிற்க என்ன வேலை? வண்டி அழகாக இருக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது.

அந்த வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போருக்கு முன்னால் டெக்சாஸ் எண்ணெய் கிழக்குக் கரைக்குக் கப்பலில்தான் போனது. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரையோரத்திலேயே அந்தக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. மிச்சமிருந்த வழி ரயில். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த டேங்க் கார்களைக்கூட இழுத்துவந்து சரிசெய்து ஓட்டினார்கள். முழுக்க முழுக்க டேங்க் கார்களாலான ரயில்கள், இரவும் பகலும். 1943 நடுவில் நாளொன்றுக்கு 9 லட்சம் பீப்பாய்க்கு மேல் கிழக்கே போனது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஏற்றுகிறவன், இறக்குகிறவன், வால்வைப் பார்க்கிறவன் என்று எத்தனை கைகள்! அதே 1943 ஆகஸ்டில் 24 அங்குல பிக் இஞ்ச் எண்ணெய்க் குழாய் கிழக்குக் கரைவரை வந்து சேர்ந்தது. போர் முடிந்ததும் கப்பலும் திரும்பி வந்தது. அதனால் உன் 1949இல் நீளமான எண்ணெய் ரயிலே வேண்டாம். சாதாரண கூட்ஸ் வண்டியின் நடுவே இரண்டு, மூன்று டேங்க் கார்கள் கலந்து வந்தால் போதும்.

இனி வண்டியின் உடம்புக்கு வருகிறேன். நான் ரசாயன ஆலையில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தபோது வந்த வண்டிகளில் டோம் கிடையாது, மேலே தட்டையாக இருக்கும். உன் காலத்து வண்டிகளின் அடையாளமே அந்த டோம்தான். வெயிலில் திரவம் விரியும். விரிவதற்கு இடம் வேண்டும். டேங்கை வழிய நிரப்பி, மேலே டோமைக் காலியாக விடுவார்கள். ஐசிசி (ரயில்களைக் கண்காணித்த அமெரிக்க அரசு ஆணையம்) வகுத்த 103 வகை வண்டிக்கு டேங்க் கொள்ளளவில் குறைந்தது 2 சதவீதம் டோமுக்கு என்று விதி. சாதாரண பெட்ரோல் வண்டி 8,000 அல்லது 10,000 கேலன், அதாவது சுமார் 30,000 அல்லது 38,000 லிட்டர். அடியில் இருக்கும் வால்வைத் திறக்க ஆள் ஏணியில் ஏறி, மேடையில் நின்று, டோம் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கம்பியைத் திருப்ப வேண்டும். அதனால் டோமைச் சுற்றி நிற்க இடம், பிடிக்கக் கம்பி எல்லாம் இருக்கும். மாடலில் அந்தக் கைப்பிடிக் கம்பிகள் தடிமனாக இருந்தால் மெல்லிய பித்தளைக் கம்பியால் மாற்று. அதைச் செய்தாலே வண்டிக்கு உயிர் வந்துவிடும்.

ஒன்றைக் கவனி. டேங்கின் அளவைச் சரக்கின் கனம்தான் முடிவு செய்கிறது. 50 டன் சக்கரக் கூடு தாங்குவது 1,00,000 பவுண்டு. பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டு சொச்சம். 10,000 கேலன் ஏற்றினாலும் பாரம் பாதியைத் தாண்டிச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடர் கந்தக அமிலம் ஒரு கேலன் 15 பவுண்டுக்கு மேல். 6,500 கேலனிலேயே கூடு நிறைந்துவிடும். அதனால் அமில வண்டி குட்டையாக, ஒல்லியாக இருக்கும். அந்த நாளில் மசகு எண்ணெயைச் சுத்தப்படுத்த ஆலைகள் கந்தக அமிலம் பயன்படுத்தின. உன் ஆலைக்கு அப்படி ஒரு ஒல்லி வண்டி கட்டாயம் வேண்டும். அதில் அடி வால்வு இருக்கக் கூடாது. அமிலத்தை மேல் வழியாகத்தான் எடுப்பார்கள். வாங்கும் மாடலில் அடியில் குழாய் தொங்கினால் வெட்டி எடுத்துவிடு.

மூன்று டோம் வண்டி உள்ளே மூன்று அறையாகப் பிரித்தது. ஒரே வண்டியில் மூன்று வகை எண்ணெய் அனுப்பலாம். பென்சில்வேனியா கச்சா எண்ணெய் மோட்டார் எண்ணெய்க்குப் பேர்போனது, அதனால் உன் ஊரில் இந்த வண்டிக்கு நியாயம் உண்டு. ஆனாலும் மொத்த டேங்க் கார்களில் அது கொஞ்சம்தான். பொம்மை ரயில் செய்கிறவர்களுக்கு அது எப்போதுமே செல்லப் பிள்ளை என்பதால் கடையில் நிறையத் தெரிகிறது. ஒன்று வாங்கு. நான்கு வேண்டாம்.

ரிவெட் விஷயம். வெல்டிங் செய்த டேங்குகள் 1940களில்தான் பெருக ஆரம்பித்தன. 1949இல் ஓடிய பெரும்பாலான வண்டிகள் ரிவெட் அடித்தவை, பலவும் 1920களில் கட்டியவை. ஏசிஎஃப் கம்பெனியின் டைப் 21, டைப் 27 மாடல்கள் நன்றாகக் கிடைக்கின்றன. யூடிஎல்எக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்-3 கிடைத்தால் விடாதே. சக்கரக் கூட்டில் பழைய ஆர்ச்பார் வகை வேண்டாம். ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வண்டிகளில் 1940களின் தொடக்கத்திலிருந்தே அதற்கு அனுமதி இல்லை. பிரேக்கில் மட்டும் கலப்புக்கு இடம் உண்டு. புது வண்டிகளுக்கு 1933இலிருந்து ஏபி பிரேக், பழைய கே வகையோ 1953வரை தாக்குப்பிடித்தது. ஒன்றிரண்டு வண்டிக்குக் கீழே பழைய சிலிண்டர் தெரிந்தால் தப்பில்லை, அழகுதான்.

மூடிய சரக்குப் பெட்டியான பாக்ஸ்காரை மறந்துவிடாதே. உன் ஆலை டப்பாவிலும் டிரம்மிலும் அடைத்த மோட்டார் எண்ணெயை எதில் அனுப்பும்? பாக்ஸ்காரில்தான். டேங்க் கார் போன வழியே காலியாகத் திரும்பிவரும், யார் வண்டியோ அவருக்கே. பாக்ஸ்கார் அப்படி இல்லை. நாடு முழுக்கச் சுற்றும், எங்கே காலியானதோ அங்கே அடுத்த சரக்கு ஏறும். அதனால் பிராட்ஃபோர்டுக்கு வந்துபோன பி அண்டு ஓ (பால்டிமோர் அண்டு ஓஹியோ), ஈரி என்ற இரண்டு ரயில்வேக்களின் வண்டிகள் முதலில், அடுத்து பெரிய கம்பெனிகளான பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும், பிறகு தூரத்துச் சான்டா ஃபே, சதர்ன் பசிபிக் என்று அந்தந்தக் கம்பெனியின் வண்டி எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்கு. பி அண்டு ஓவின் வளைந்த கூரை வேகன்-டாப் வண்டி எனக்கு மிகவும் பிடித்தது. பென்சில்வேனியா ரயில்வேயின் எக்ஸ்29 பாக்ஸ்கார் இல்லாமல் அந்தப் பக்கத்தில் யார்டே கிடையாது. பெரிய விளம்பரம் எழுதிய, ஐஸ் வைத்துக் குளிர்விக்கும் வண்டிகள் வேண்டாம். 1934இல் ஐசிசி அதைத் தடுத்தது, 1930களின் முடிவுக்குள் அவை மறைந்துபோயின.

மாப்பிள்ளை கேட்டிருந்த, நடுவில் வயிறு தொங்கும் பிரம்மாண்ட டேங்க் கார் 1960களின் சரக்கு. 60,000 கேலன் பிடிக்கும் ஜிஏடிஎக்ஸ் 96500 கட்டியது 1965இல். உன் தண்டவாளத்தில் அதற்கு இடமில்லை. செயின்ட் லூயிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிஜ வண்டியே நிற்கிறது, குழந்தைகளோடு ஒருமுறை போய்வாருங்கள். பக்கத்தில் நின்றால்தான் அதன் அளவு புரியும்.

என் கணக்கு இது. பன்னிரண்டு டேங்க் கார் என்றால் எட்டு கறுப்பாக இருக்கட்டும்: நான்கைந்து யூடிஎல்எக்ஸ், மூன்று ஜிஏடிஎக்ஸ், முடிந்தால் ஒரு எஸ்ஹெச்பிஎக்ஸ் (இன்னொரு வாடகை வண்டிக் கம்பெனியான ஷிப்பர்ஸ் கார் லைன்). அமிலத்துக்கு ஒன்று, மூன்று டோம் ஒன்று, எண்ணெய்க் கம்பெனியின் சொந்த வண்டி இரண்டு. அந்த இரண்டு உனக்குப் பிடித்த நிறத்தில் இருக்கட்டும். எட்டு கறுப்பு வண்டிகளும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. எண் வேறு, கேலன் வேறு, அழுக்கு வேறு. டோமிலிருந்து வழிந்த கறை பக்கவாட்டில் ஓடியிருக்கும். ஒன்று பெயின்ட் அடித்துப் புதிதாக வந்திருக்கும், இன்னொன்றில் நிலக்கரித் தூசு படிந்து எழுத்தே மங்கியிருக்கும். வண்டியில் எழுதியிருக்கும் தேதிகளையும் பார்த்துக்கொள். டேங்கையும் வால்வையும் சோதித்த தேதி, பாக்ஸ்காரில் எடை பார்த்த தேதி எதுவும் 1949ஐத் தாண்டக் கூடாது. மாடல் கம்பெனிகள் இதில் அதிகம் கவனம் வைப்பதில்லை. ஸ்டிக்கர் ஒட்டி மாற்றிவிடலாம்.

அந்தக் காலத்து எக்விப்மென்ட் ரெஜிஸ்டர் ஒன்றின் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. எந்தக் கம்பெனியிடம் எந்த எண் வரிசையில் எத்தனை வண்டி, எத்தனை கேலன் என்று எல்லாம் அதில் உண்டு. வரும்போது கொண்டுவருகிறேன். அதுவரை எதையும் ஆர்டர் செய்யாதே, சரியா? வாங்க நினைக்கிற வண்டிகளின் எழுத்தையும் எண்ணையும் மட்டும் எழுதி அனுப்பு, இங்கேயே பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா