வடசென்னை கவுன்சிலருங்களுக்கு ஒரு திறந்த மடல்: குடிய விட நினைக்கிறவங்க எங்க போகணும்னு சுவத்துல எழுதுங்க

திருவொற்றியூர்லேர்ந்து ராயபுரம் வரைக்கும், கொடுங்கையூர்லேர்ந்து ஓட்டேரி வரைக்கும் இருக்குற எல்லா வார்டு கவுன்சிலருங்களுக்கும், நம்ம பக்கத்து மண்டலங்கள பாக்குற மாநகராட்சி சுகாதாரத் துறை அதிகாரிங்களுக்கும் கொருக்குப்பேட்டையில இருந்து வணக்கம்.

நான் கேக்கப்போறது புது ஆஸ்பத்திரி இல்ல, புது கட்டடம் இல்ல. ஏற்கனவே அரசாங்கம் நடத்துற சிகிச்சை எங்க இருக்கு, எந்த நம்பருக்கு போன் பண்ணணும், காசு கேப்பாங்களா மாட்டாங்களாங்குறத ஒவ்வொரு தெருவுலயும் எல்லாரும் படிக்குற மாதிரி எழுதி வைங்க. அவ்ளோதான். ஏன் இத கேக்குறேன்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஏரியாவுல எந்த கரண்ட் கம்பத்த வேணா பாருங்க, ஆட்டோ பின்னாடி பாருங்க, ரயில்வே பாலத்துக்கு கீழ பாருங்க, "குடி மறுவாழ்வு மையம், வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்"னு போஸ்டரும் கீழ ஒரு செல் நம்பரும் இருக்கும். டாக்டர் பேர் இருக்காது, பதிவு எண் இருக்காது, எந்த ஊர்னு கூட இருக்காது. ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீட்ல ஒருத்தன் பாத்திரத்த தூக்கி அடிச்சிட்டு, அம்மாவ அடிச்சிட்டு, அப்புறம் தானே உக்காந்து அழுது "என்ன எங்கயாவது சேத்து விடுங்க"ன்னு சொல்லும்போது அந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஞாபகம் வர்ற ஒரே நம்பர் அந்த கம்பத்து நம்பர் தான். விடணும்னு அவன் கேக்குற அந்த ஒரு ராத்திரி ரொம்ப முக்கியம்ங்க, விடிஞ்சதும் மனசு மாறிடும், அதனால அந்த நேரத்துக்கு எந்த நம்பர் கையில கிடைக்குதோ அந்த குடும்பம் அங்க போயிடுது.

எங்க வீட்லயும் அப்படித்தான் ஆச்சு. என் தம்பி யார்டுல லோடு வேலை பாக்குறவன், நல்ல உழைப்பாளி, அக்கான்னா உசுரு. கம்பத்து நம்பருக்கு எங்கம்மா போன் பண்ணாங்க, விடியறதுக்குள்ள வேன்ல நாலு பேர் வந்து தூக்கிட்டு போனாங்க. மாசக் கணக்குல அட்வான்ஸ் வாங்குனாங்க, பாக்க விடல, போன் பேச விடல. அங்க ஒரு டாக்டர் கூட வந்து பாக்கலைன்னும், கை நடுங்கி ஒளறுனப்ப கை கால கட்டிப் போட்டாங்கன்னும் அவன் வெளிய வந்த பிறகு தான் சொன்னான். வந்தவன் முதல் வாரமே முன்ன விட அதிகமா குடிச்சான், ஏன்னா சிகிச்சைன்னாலே அடின்னு அவன் மனசுல பதிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வாடான்னு அவன சம்மதிக்க வைக்க எங்களுக்கு எவ்ளோ காலம் ஆச்சு தெரியுமா.

நல்லா நடத்துற தனியார் மையமும் இருக்கு, எல்லாரையும் ஒரே தட்டுல வைக்கல. ஆனா எது நல்லது எது கெட்டதுன்னு எங்களுக்கு எப்படி தெரியும்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல வந்துச்சு, 2018 மே மாசத்துலேர்ந்து நடைமுறையில இருக்கு. குடியாலயும் போதைப்பொருளாலயும் வர்ற மனநிலை பாதிப்பும் அந்த சட்டத்துக்குள்ள வருது, இந்த மாதிரி ஆளுங்கள தங்க வச்சு சிகிச்சை கொடுக்குற மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியாகணும். யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலி போட்டு கட்டக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. ஒருத்தர் சம்மதிக்காம சேக்கணும்னா ஒரு மனநல டாக்டரும், கூட இன்னொரு டாக்டரோ மனநல நிபுணரோ தனித்தனியா பாத்து சொல்லணும், அதுவும் முதல்ல 30 நாள் வரைக்கும் தான். வேன்ல வந்து நாலு பேர் தூக்கிட்டு போறதுக்கு எந்த சட்டத்துலயும் இடம் இல்ல. 2001ல ஏர்வாடியில மனநல காப்பகம் தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் தப்பிக்க முடியாம செத்தாங்களே, அதுக்கப்புறமும் நம்ம ஊர்ல ஒரு மனுஷன கட்டி வைக்குறாங்கன்னா வயிறு எரியுதுங்க. உங்க வார்டுல இருக்குற மையம் எதெது, பதிவு இருக்கா, டாக்டர் யாருன்னு நீங்க போய் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும், நாங்க கேட்டா கதவ சாத்துவாங்க.

இப்ப அரசாங்கத்துல என்ன இருக்குன்னு பாப்போம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல ஆரம்பிச்ச இடம், வியாசர்பாடிலேர்ந்து ஒண்ணும் அவ்ளோ தூரம் இல்ல, குடிக்கும் போதைக்கும் தனி வார்டு இருக்கு. பழைய ஜெயில் ரோடுல ஸ்டான்லி ஆஸ்பத்திரி, அங்க மனநலப் பிரிவு இருக்கு. 2025ல தமிழ்நாடு முழுக்க 25 இடத்துல கலங்கரைங்குற பேருல அரசு போதை மீட்பு மையம் திறந்தாங்க. அரசாங்கத்தோடது இல்லைன்னாலும், அடையார் இந்திரா நகர்ல ஒரு தொண்டு நிறுவனம் நடத்துற டிடிகே ஆஸ்பத்திரி 1980லேர்ந்து இதுக்காகவே இருக்கு, குடிக்கிறவருக்கு மட்டும் இல்லாம பொண்டாட்டி, அம்மா, பிள்ளைங்களுக்கும் சேத்து ஆலோசனை கொடுக்குறாங்க. போன்னு பாத்தா 14446 மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. 14416 டெலி மனஸ்ங்குற மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம், ராத்திரியிலயும் எடுப்பாங்க. நம்ம மாநிலத்து சுகாதார உதவி எண் 104ம் இருக்கு. இவ்ளோ இருந்தும் எங்க தெருவுல ஒரு பத்து வீட்ல கேட்டுப் பாருங்க, இதுல ஒரு நம்பராவது யாருக்காவது தெரியுதான்னு. எய்ம்ஸ் எடுத்து 2019ல வெளிவந்த தேசிய கணக்கெடுப்புல குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்கு தான் ஏதாவது ஒரு உதவி கிடைச்சிருக்கு, படுக்கையில சேத்து சிகிச்சைன்னா 180 பேர்ல ஒருத்தருக்கு. மீதிப் பேரெல்லாம் எங்கள மாதிரி கம்பத்தையும் கோயிலையும் பாத்துட்டு நிக்குறவங்க தான்.

கோயில்னு சொன்னதும் இன்னொண்ணு சொல்லியாகணும், இது உயிர் விஷயம். கார்த்திகை மாசம் வந்தா நம்ம பக்கம் மாலை போட்டு குடிய விடுறவங்க நிறைய பேர், நல்ல விஷயம் தான், சாமி பேர சொல்லியாவது நாப்பத்தெட்டு நாள் வீடு அமைதியா இருக்கும்னு பொம்பளைங்க வேண்டிக்குவாங்க. ஆனா வருஷக் கணக்கா தினமும் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தும்போது 6 மணி நேரத்துலேர்ந்தே கை நடுங்கும், வேர்க்கும், வாந்தி வரும், ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாளுக்கு மேல சில பேர் ஆள் தெரியாம ஒளறுவாங்க, சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டுவாங்க, யாரோ கூப்பிடுறாங்கன்னு எழுந்து ஓடுவாங்க. சாமி வந்துருச்சுன்னு விபூதி போடுறாங்க, காத்து கருப்புன்னு மந்திரிக்க கூட்டிட்டு போறாங்க. அது சாமியும் இல்ல பேயும் இல்ல, உடனே கவனிக்கலைன்னா ஆள் செத்துப்போற நோய். அப்போ தேவை ஆஸ்பத்திரியும், நடுக்கத்த அடக்குற மாத்திரையும், வைட்டமின் பி1 ஊசியும். பக்கத்து கிளினிக்ல தெம்புக்குன்னு குளுக்கோஸ் ஏத்திட்டு அனுப்பிடுறாங்க, ரொம்ப நாள் குடிச்ச உடம்புல பி1 வத்திப் போயிருக்கும், அத கொடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா மூளைக்கே பாதிப்பு வரலாம்னு டாக்டருங்க சொல்றாங்க. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாங்க கார்த்திகைக்கு முன்னாடியே தெருத்தெருவா வந்து இத சொன்னா எத்தனை உசுரு மிச்சம்.

அதே மாதிரி "அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்"னு பொடி விக்குறாங்க. டைசல்பிராம்னு ஒரு மருந்து இருக்கு, குடிச்சா ஒத்துக்காம போகும், அத டாக்டர் சொல்லி, அவரே சம்மதிச்சு சாப்பிடுறது வேற. தெரியாம கலந்து, அவர் போய் குவாட்டர் அடிச்சா முகம் செவந்து, நெஞ்சு அடைச்சு, பிரஷர் எறங்கி ஆளே போயிடலாம். அந்த பொடியில உண்மையில என்ன இருக்குன்னும் யாருக்கும் தெரியாது. தயவு செஞ்சு இந்த நோட்டீஸ உங்க வார்டுல கிழிச்சுப் போட சொல்லுங்க.

குடி மட்டும்னு நினைக்காதீங்க. புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு பசங்க கையில இப்ப வலி மாத்திரை தான், டேபன்டடால் மாதிரி மாத்திரைய கரைச்சு நரம்புல ஊசி போட்டுக்குறாங்க, ஒரே ஊசி நாலு பேருக்கு, அதுல எச்ஐவி வரும், ஹெபடைடிஸ் சி வரும், நரம்பு செப்டிக் ஆகும். இதுல இருந்து வெளிய வர மருந்து இருக்கு, புப்ரீநார்ஃபின்னு ஒண்ணு, டாக்டர் கண்காணிப்புல கொடுப்பாங்க. ஆனா பெத்தவங்க வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க, ஏன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், பையன் பேர்ல எஃப்ஐஆர் விழுந்தா வேலை கிடைக்காதுன்னு பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்குங்க, போதைக்கு அடிமையான ஒருத்தர் பயன்படுத்துனதுக்காகவோ சின்ன அளவு கையில வச்சிருந்ததுக்காகவோ மாட்டியிருந்தா கூட, தானா முன்வந்து அரசாங்கமோ அரசாங்கம் அங்கீகரிச்ச இடமோ கொடுக்குற சிகிச்சைக்கு போனா வழக்குலேர்ந்து பாதுகாப்பு உண்டு, சிகிச்சைய பாதியில விட்டா தான் அந்த பாதுகாப்பு போகும். இத ஒரு கவுன்சிலர் தெருமுனையில நின்னு மைக்ல சொன்னா எத்தனை அம்மாங்க பையன கூட்டிட்டு வெளிய வருவாங்க!

சரி, இடம் தெரிஞ்சு போறாங்கன்னே வைங்க. ஓபி காலையில. தினக்கூலிக்கு போறவன் காலையில ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அன்னிக்கு கூலி போச்சு, எண்ணூர்லேர்ந்து வர்றவனுக்கு பஸ்ஸுலயே பாதி நாள் போயிடும். முதல் தடவை வருவான், மறுபடி மாத்திரை வாங்க வரமாட்டான், அங்க தான் எல்லாம் கெட்டுப்போகுது. வாரத்துல ஒரு நாளாவது சாயங்காலம், வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல, தண்டையார்பேட்டையிலயும் திருவொற்றியூர்லயும் மனநல டாக்டர் ஒருத்தர் உக்காந்தா போதும். பொம்பளைங்களும் குடிக்கிறாங்க, வெளிய சொல்ல முடியாம வீட்டுக்குள்ளயே செத்துட்டு இருக்காங்க, அவங்களுக்கு படுக்கை எங்க இருக்குன்னும் அந்த சுவத்துல எழுதணும்.

கீழ்ப்பாக்கம் போனா பைத்தியம்னு பேர் வச்சிடுவாங்கன்னு பயந்து போகாதவங்க நிறைய. என் தம்பியே அப்படித்தான் சொன்னான். கடைசியில அரசாங்க ஆஸ்பத்திரியில சேந்தப்ப அவன யாரும் அடிக்கல, கேவலமா பேசல, டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து "எப்பலேர்ந்து தூக்கம் வரல"ன்னு கேட்டாங்களாம், அத இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கான். நடுவுல மறுபடி குடிச்சான், மறுபடி போனான். சுகர் மாதிரி தான் இதுவும், ஏறும் எறங்கும், பாத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னது எங்கம்மாவுக்கு நல்லா புரிஞ்சுது. இப்ப ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு போறான், அது 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, கட்டணம் கிடையாது, குடிச்சு விட்டவங்களே நடத்துறாங்க, குடும்பத்துக்கு அல் அனான்னு தனியா இருக்கு. இந்த கூட்டத்துக்கு உங்க வார்டுல இருக்குற சமுதாய நலக்கூடத்த வாரம் ஒரு மணி நேரம் வாடகை இல்லாம கொடுக்கலாமே.

டாஸ்மாக் கடையில "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்கு கேடு"ன்னு எழுதியிருக்கு, அதுக்கு கீழயே 14446னு பெருசா எழுத சொல்லுங்க, அங்க நிக்குறவங்க கண்ணுல தான் முதல்ல படணும். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், அம்மா உணவகம், பொதுக் கழிப்பறை, ஸ்கூல் காம்பவுண்டு, மீன் மார்க்கெட், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாத்துலயும் ஆஸ்பத்திரி பேர், போற பஸ், ஓபி நேரம், இலவசம்ங்குற வார்த்தை, மூணு நம்பர். அதோட உங்க ஆபீஸ்ல ஒரு ஆள் இருக்கணும், யார் வந்து கேட்டாலும் கூடவே ஆஸ்பத்திரி வரைக்கும் போய் ஓபி சீட்டு வாங்கிக் கொடுக்குற ஆள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளா வர்றீங்க, அந்த மரியாதை எங்களுக்கு எப்பவும் உண்டு, இதுக்கும் அதே மாதிரி வாங்க.

அடுத்த ஏரியா சபை கூட்டத்துல இத தீர்மானமா வைக்கணும்னு எங்க தெரு பொம்பளைங்க எல்லாரும் சேந்து வர்றோம், எழுதியும் கொண்டு வர்றோம். பெயிண்ட் செலவுக்கு நிதி இல்லைன்னு சொன்னீங்கன்னா எங்க பசங்களே எழுதித் தர ரெடியா இருக்காங்க, எந்தெந்த சுவத்துல எழுதலாம்னு அனுமதி மட்டும் கொடுங்க.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையில இருந்து ஒரு அக்கா