பேட்டரி காரா, பெட்ரோல் காரா: திருச்சி நண்பனுக்கு ஒரு கணக்கு

கோயம்புத்தூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குச் சென்னையில் வேலை உறுதியானது கேட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஸ்ரீரங்கத்து அடுக்ககத்தில் இனி நீங்கள் இருவர் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். பழகிவிடும், நாங்களும் அப்படித்தான் பழகினோம்.

இனி நீ கேட்ட விஷயம். பழைய பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு பேட்டரி கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகும் என்று விற்பனையாளர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். என் மருமகன் பேட்டரி கார் வாங்கியது சரியான முடிவு. ஆனால் உனக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், உன் ஓய்வுக்காலப் பணம் அல்லவா!

அந்த ஒரு ரூபாய்க் கணக்கை முதலில் பார். வீட்டு மின்சாரம் யூனிட் ஐந்து ரூபாய்தானே என்று போட்ட கணக்கு அது. நம் மின்வாரியக் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதை அதில் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம். 400 வரை கட்டணம் குறைவு. 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் குறைகிறது, மேற்படியில் யூனிட் எட்டரை ரூபாய்க்கு மேல் போகிறது. 600க்கு மேல் ஒன்பதரையைத் தாண்டுகிறது. 1000க்கு மேல் பன்னிரண்டை ஒட்டி நிற்கிறது. ஏற்கெனவே 400 யூனிட் ஆகும் வீட்டில் கார் வந்து சேர்ந்தால், அதன் யூனிட் எல்லாம் மேற்படியில்தான் போய் விழும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் தேவைப்படும். அந்தக் கூடுதல் யூனிட்டுகளின் சராசரி விலை ஒன்பது ரூபாயைத் தொடுகிறது. ஆகவே கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்.

அதுவும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான், மறுக்கவில்லை. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது. நகருக்குள் லிட்டருக்கு 13, 14 கிலோமீட்டர் கொடுக்கும் கார் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல் விழுங்குகிறது.

மருமகன் தினமும் திருப்பூர் போய் வருகிறார். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். வருடத்துக்கு முப்பதாயிரம் என்று வை. பெட்ரோலாக இருந்தால் இரண்டு லட்சம் ரூபாய் ஆகும். மேல்படிகளின் கட்டணம் முழுவதும் கட்டினாலும் மின்சாரத்துக்கு ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல்தான். கார் ஷெட்டில் சாதாரண 15 ஆம்பியர் பிளக் ஒன்றுதான் இருக்கிறது. இரவு வந்ததும் செருகுகிறார், எட்டு மணி நேரத்தில் மறுநாள் ஓட்டத்துக்கு வேண்டியது ஏறிவிடுகிறது. மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடும் போட்டிருக்கிறார். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கார் விலையில் கூடுதலாகக் கொடுத்ததை இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடுவார். இவரைப் போல ஓடுகிறவர்கள் இன்னும் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இனி உன் கணக்கு. கோயில், சந்தை, மாதம் ஒருமுறை தஞ்சாவூர், எப்போதாவது சென்னை. எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டாது. பெட்ரோல் செலவு நாற்பதாயிரத்துக்குள். மின்சாரமென்றால் ஏழாயிரத்து ஐந்நூறு. மிச்சம் முப்பதாயிரத்துச் சொச்சம்.

இதை எதற்கு எதிராக வைப்பது? ஒரே அளவுள்ள பெட்ரோல் கார் ஒன்பதரை லட்சம், பேட்டரி கார் பன்னிரண்டரை லட்சம் ஷோரூம் விலை என்று கொள். மூன்று லட்சம் வித்தியாசம் என்று பயந்துவிடாதே. பெட்ரோல் காருக்கு ஆயுட்கால வரி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். பேட்டரி காருக்கு அரசு விலக்குத் தருகிறது. அது காலவரையறை வைத்து நீட்டித்து வரும் சலுகை, பதிவு செய்யும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விலக்கு இருந்தால் வித்தியாசம் ஒன்றே முக்கால் லட்சமாகச் சுருங்கும். ஜிஎஸ்டியில் மட்டும் முன்பிருந்த சாதகம் குறைந்துவிட்டது. பேட்டரி காருக்கு அதே 5 சதவீதம்தான், ஆனால் சிறிய பெட்ரோல் காருக்கு 28 ஆக இருந்தது 2025 செப்டம்பரில் 18 ஆகிவிட்டது.

ஒன்றே முக்கால் லட்சத்தை வங்கியில் போட்டால் ஏழு சதவீத வட்டிக்கு வருடம் பன்னிரண்டாயிரம் வரும். அதைக் கழி. பிறகு காப்பீடு. மின்வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில், அதாவது நம் காரால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீட்டில், 15 சதவீதத் தள்ளுபடி என்பார்கள், உண்மைதான். ஆனால் மோட்டாரின் திறனை, அதாவது கிலோவாட்டை, பார்த்துத்தான் தொகை. 2022இல் நிர்ணயித்த விகிதப்படி 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டாருக்கு 6,712 ரூபாய். டாடா நிறுவனத்தின் நெக்ஸான் பேட்டரி கார் இந்த வகைக்குள் வருகிறது. அதே நெக்ஸானின் 1,199 சிசி பெட்ரோல் காருக்கு 3,416 ரூபாய்தான். கார் விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதக் காப்பீடும் கூடும். எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை இல்லாததால் சர்வீஸில் கொஞ்சம் மிச்சமாகும். எடை கூடிய கார் என்பதால் டயரில் கொஞ்சம் போகும். எல்லாம் கழித்தால் உன் கையில் நிற்பது வருடத்துக்குப் பதினைந்தாயிரம்தான். போட்ட பணம் திரும்ப பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

இதுவும் வீட்டில் சார்ஜ் ஏற்றினால்தான். உன் அடுக்ககத்துக் கார் நிறுத்தத்தில் உன் மீட்டரிலிருந்து இழுத்த பிளக் இல்லை. வெளியே விரைவு சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய்க்கு மேல், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அங்கேயே ஏற்றி ஓட்டினால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

பேட்டரி கெட்டுவிடுமோ என்று பயப்படாதே. 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் பரவலாகத் தருகிறார்கள். எனக்குக் கவலை மறுவிற்பனையில்தான். 2024 பிப்ரவரியில் நெக்ஸான் பேட்டரி கார் 14.49 லட்சத்தில் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் தொடக்க விலை 12.49 லட்சமாக இறங்கியது. வாங்கிய சில மாதத்திலேயே புதிய காரின் விலையே இரண்டு லட்சம் இறங்கினால், பழைய காருக்கு யார் என்ன கொடுப்பார்கள்? பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டமும் வந்திருக்கிறது. எம்ஜி நிறுவனத்தின் விண்ட்சர் பேட்டரி காரை அந்த முறையில் அறிமுகப்படுத்தியபோது 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாயும் என்றார்கள். மின்சாரத்தையும் சேர்த்தால் ஐந்து ரூபாய் ஆகிவிடுகிறது.

உன் கார் நல்ல நிலையில் இருக்கிறது. பதிவுச் சான்று பதினைந்து வருடத்துக்குச் செல்லும், உனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் அதையே ஓட்டு. அதற்குள் குடியிருப்போர் சங்கத்தில் எழுத்து மூலமாக ஒரு விண்ணப்பம் கொடு, உன் மீட்டரிலிருந்து உன் நிறுத்தம் வரை தனி வயர் இழுக்க அனுமதி கேள். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவையும், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கலாம் என்பதையும், அப்போதே பார்த்துவிடு. வயர் வந்துவிட்டது, உன் ஓட்டமும் கூடியது என்றால் நானே ஷோரூமுக்குக் கூட வருகிறேன்.

உன் மின்வாரிய அட்டையில் கடைசி ஆறு கணக்கெடுப்புகளையும் படம் எடுத்து அனுப்பு. நான் 400 யூனிட் என்று வைத்தது ஊகம்தான். உண்மை எண்ணைப் போட்டுப் புதிதாகக் கணக்கு எழுதி அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்