கோமாளி மீனுக்குத் துணை வேண்டும்

பாம்பன்

அன்பு மகனுக்கு,

பாப்பாவுக்கு மீன் தொட்டி வாங்கி வைத்த படத்தைப் பார்த்தேன். இரண்டு கோமாளி மீன், ஒரு பிளாஸ்டிக் பாறை, நீல விளக்கு. "தாத்தா ஊர் மீன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாளாம். சரிதான், நம்ம தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இருக்கிற மீன்தான் அது. ஆனால் இங்கே அது தனியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அதை அவளுக்கு நீ சொல்ல வேண்டும். போனில் இவ்வளவையும் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

கோமாளி மீன் இருக்கிற இடம் கடல் சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி ஆடிக்கொண்டிருந்தாலும் அது இரை பிடித்துத் தின்னும் பிராணி. அதன் கைகளில் பட்டால் சின்ன மீன் விறைத்துச் செத்துப்போகும். கோமாளியின் உடம்பில் இருக்கிற வழுவழுப்பு அதைக் காப்பாற்றுகிறது. பயம் வந்தால் அந்தக் கைகளுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பதிலுக்கு, சாமந்தியைக் கொறிக்க வருகிற மீன்களைத் துரத்தி அடிக்கும். மீனின் கழிவுகூட சாமந்திக்கு உரம்தான்.

ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றதெல்லாம் ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் காத்திருக்கும் பொடிசுகள். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். பொடிசுகளில் மூத்தது ஆணாகிவிடும். முட்டைக்குக் காவல் இருப்பதும், விசிறி விசிறிக் காற்றோட்டம் கொடுப்பதும் அப்பன் மீன்தான். ஆராய்ச்சிக்காரர்களை வள்ளத்தில் கூட்டிப்போன காலத்தில் அவர்கள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். பாப்பாவிடம் சொல்லிப் பார், நம்ப மாட்டாள்.

பவளம் அந்தச் சாமந்திக்கு உறவுக்காரன். நாம் பாறை என்கிறோம். பொடிப்பொடிப் பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. அந்தப் பிராணியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது உண்டாக்குகிற உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்கு நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால்தான். அதனால்தான் ஆழமில்லாத, தெளிந்த தண்ணீரைத் தேடி வளர்கிறது. தண்ணீர் வாரக்கணக்கில் சூடாகவே இருந்தால் இந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் அப்படித்தான் ஆனது. வெளுத்த உடனே செத்துப்போவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். 2016-ல் வெளுத்த பாறைக்கு மேலே வள்ளத்தை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். அடியில் எலும்பு நிறம். மழை எப்போது வரும் என்று விவசாயி மட்டும்தான் வானத்தைப் பார்ப்பான் என்று நினைக்காதே.

அதற்கும் முன்னால் மனிதனே கடப்பாரையோடு இறங்கிப் பவளத்தைச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் இருந்தன. இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகுதான் மற்றவற்றுக்குக் காவல் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி வேறு. பவளத்துக்குப் பக்கத்து மணலில் ஒரு வகை உளுவை மீன் இருக்கும், விரல் நீளம்தான். அதன் வளையைத் தோண்டுவது உளுவை இல்லை, ஒரு இறால். அந்த இறாலுக்குக் கண் பார்வை ரொம்பக் குறைவு. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும், சொடுக்கினால் டப்பென்று வெடிக்கும். நாள் முழுக்க மண்ணை அள்ளி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையை உளுவையின் மேல் வைத்துக்கொண்டேதான் வரும். ஆபத்து என்றால் உளுவை வாலை வெடுக்கென்று ஆட்டும், இறால் உள்ளே. தப்பிக்க நேரமில்லை என்றால் உளுவையும் தலைகீழாகப் பாய்ந்துவிடும். தோண்டத் தெரியாதவனுக்கு வீடு, பார்க்க முடியாதவனுக்குக் கண். இதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மதியம் கழிந்திருக்கிறது.

அப்புறம் கடல் அட்டை, கடலடி மண்ணில் ஊர்கிற மெத்தென்ற பிராணி. பாப்பா முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும். அழகில்லைதான். ஆனால் வயலில் மண்புழு செய்கிற வேலையைக் கடலடியில் அதுதான் செய்கிறது. மண்ணைத் தின்று, அதிலிருக்கிற அழுக்கைச் செரித்து, சுத்தமான மண்ணாக வெளியே விடும். அது மூச்சு விடுவதும் பின்பக்க வழியாகத்தான். அந்த வழியாகவே உள்ளே புகுந்து அதன் வயிற்றுக்குள் பகலெல்லாம் ஒளிந்திருக்கும் ஒல்லி மீன் ஒன்று உண்டு. இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். 2001-லிருந்து அட்டை பிடிப்பது சட்டப்படி குற்றம். அதை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் அன்று பிடித்த வேகத்தில் பிடித்திருந்தால் இன்று பிடிக்க ஒன்றுமே மிஞ்சியிருக்காது என்பதுதான் என் எண்ணம்.

வடகடல் பக்கம் பவளம் குறைவு, புல் அதிகம். அந்தப் பக்கம் இருக்கிற பாக் விரிகுடாவில் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் ஆழம். வெயில் அடிவரை போவதால் கடற்புல் வயல்வெளியாகப் படர்ந்திருக்கும். இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, ஓரா மீன், கடல் குதிரை எல்லாம் அதற்குள்தான் வளரும். அந்தப் புல்லை நம்பி வாழ்கிறது ஆவுளியா, கடல் பசு என்கிறார்களே அதுதான். நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் மேயும். அது மேய்ந்துபோன தடத்தில் மறுபடி இளம்புல் துளிர்க்கும். ஆவுளியா இருக்கிற கடல்களில் பாறை என்கிற மீனின் குட்டிகள் அதன் மூக்குக்கு முன்னாலேயே நீந்திப் போவது வழக்கம். மண் கிளறும்போது வெளிவருகிற புழு பூச்சி அதுகளுக்கு. தாய் ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி வலையில் மாட்டினால் நிமிடக் கணக்கில் மூழ்கிச் சாகும். இப்போது மாட்டியதை வலையை அறுத்து விடுகிற நம் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பரிசும் நஷ்டஈடும் கொடுக்கிறார்கள். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கு என்று ஒதுக்கியிருக்கிறது அரசு. எனக்கு அது நிஜமான சந்தோஷம். ஆனால் இழுவைமடி வலை புல்லை வேரோடு சுரண்டிக்கொண்டு போவது நிற்க வேண்டும். புல் போனால் ஆவுளியா மட்டும் போகாது, நம் இறாலும் நண்டும் சேர்ந்து போகும்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். எடுத்து எறி என்று சொல்லவில்லை. கோமாளி மீனைப் பக்கத்து மண்டபம் ஊரில் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது அப்படி வளர்த்த மீனா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்கு. நிஜப் பவளமோ கடல் குதிரையோ தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதே. இரண்டும் பாதுகாக்கப்பட்டவை, வாங்கினால் உன் மேலும் வழக்கு வரும். அதைவிட, அதுகள் இருக்க வேண்டிய இடம் தொட்டி இல்லை.

மாசி மாதம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அப்போது வாடைக் காற்று அடங்கியிருக்கும், தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கியிருக்காது. தென்கடல் தெளிந்து கிடக்கும். தீவுப் பக்கம் நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. வனத்துறையில் கேட்டு அவர்கள் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம், அதை நான் விசாரித்து வைக்கிறேன். அவளுக்கு மூக்கையும் சேர்த்து மூடுகிற நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கி வா. கடையிலேயே முகத்தில் வைத்து, வாரை மாட்டாமல், மூக்கால் மூச்சை இழுக்கச் சொல். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறு எடு.

அன்புடன்,
அப்பா