இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி கையெழுத்தில் நீ எழுதச் சொன்ன கடிதமும், சித்தப்பா மகன் கொண்டுவந்த பொடிப் பொட்டலமும் கிடைத்தன. இத்தனை நாள் எழுதவில்லை என்று கோவித்துக்கொள்ளாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

"சம்பாதிக்கிற காசெல்லாம் எங்கேடா போகுது?" என்று கேட்டிருக்கிறாய். பாதி குளிருக்கே போகிறது, அம்மா. எங்கள் வீட்டில் கரண்டுக்கும் கேஸுக்கும் முன்பணம் கட்டுகிற மீட்டர். முக்குக் கடையில் கார்டில் காசு ஏற்றி வந்து செருகினால்தான் ஹீட்டர் ஓடும். ஒரு லைட்டுகூடப் போடாவிட்டாலும் அன்றாடம் ஒரு தொகை தானாகக் கழியும். அதனால் சீக்கிரமே போர்வைக்குள் போய்விடுகிறேன். நல்ல தூக்கம்.

கீழ்வீட்டில் ஒரு தாத்தா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பென்ஷனை ரொக்கமாக எடுத்து வந்து, அடுப்படி ஜன்னலில் இருக்கும் ஜாம் பாட்டில்களில் பிரித்துப் போடுவார். வாடகை, கரண்டு, மளிகை, நாய் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். மளிகை பாட்டில் காலியானால் ரொட்டியும் டீயும்தான்; பக்கத்துப் பாட்டிலில் கை வைக்க மாட்டார். "உன் அம்மாவுக்கு எந்தப் பாட்டில்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பாட்டில் கிடையாது, நோட்டு இருக்கிறது. அதில் முதல் வரி வீட்டுக்கு அனுப்புவதுதான்.

அய்யா மொய் நோட்டை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்! யார், எந்த விசேஷத்துக்கு, எவ்வளவு செய்தார்கள் என்று உடனே புரட்டிச் சொல்வார். பாலுக்கும் மளிகைக்கும் எவ்வளவு போனது என்றால் யாருக்கும் தெரியாது. அதற்கும் ஒரு நோட்டுப் போடு. அரசாங்கம் தருகிற உரிமைத்தொகையையும் வரவில் எழுது. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே, வராத மாதமே பாதியை எடுத்து வை. விசேஷங்களுக்கு மொய் செய்கிற செய்முறையும் அப்படித்தான். ஆவணியிலும் தையிலும் கல்யாணம் வரிசைகட்டும் என்பது தெரிந்த விஷயம். அப்புறம் ஏன் கடைசி நேரத்தில் வளையலைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓட வேண்டும்?

ராத்திரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். பூண்டும் வறுத்த உளுந்துமாக அறை முழுக்க நம் அடுப்படி வாசம். சோறு இறங்கவில்லை, அம்மா. ஒரு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று இருந்தது.

சரி, அக்கா மகள் காதுகுத்து விஷயம். வைகாசியிலேயே வையுங்கள். இங்கே வீட்டு வரியைப் பத்துத் தவணையாகக் கட்டுகிறோம். பிப்ரவரி, மார்ச்சில் கிடையாது. அந்தக் காசு தாய்மாமன் சீருக்கு. தோடு எத்தனை கிராம் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்குப் போங்கள், கடையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். கிடாவும் பந்தலும் அய்யாவும் மச்சானும் பேசிக்கொள்ளட்டும். மைக்செட் வேண்டாம். யாரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டாம் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்.

இந்த மாதம் கொஞ்சம் குறைவாக வரும். ஓவர்டைமை எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள், வேறு ஒன்றுமில்லை. வளையலுக்கு வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அடகு ரசீதைப் பார்த்துத் தங்கச்சியை எழுதச் சொல். முதலில் அதை மீட்போம்.

அன்புடன்,
உன் மகன்