பூங்காக் கழிப்பறையை மார்ச்சிலேயே திறந்துவிடுங்கள்: எங்கள் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரசபை உறுப்பினர்களுக்கும் பூங்காப் பிரிவில் பணியாற்றுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒன்ராறியோ ஏரிக்கரையோரம் இருக்கிற நம் நகரத்தில் நான் 11 வருடமாக வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. இதே விஷயத்தை ஆங்கிலத்திலும் எழுதி உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த ஊரில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிற தமிழ்த் தாய்மாரும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இதை வாசிக்க வேண்டும் என்பதுதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. நம் பூங்காக்களின் கழிப்பறைகள் இலையுதிர்காலத்தில் பூட்டினால் மே நடுப்பகுதியில்தான் திறக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது, பள்ளிகளுக்கு மார்ச் நடுவில் ஒரு வாரம் வருகிற மார்ச் விடுமுறைக்கு முன்னால் திறந்துவிடுங்கள்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் பேஸ்மென்டில். இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலிடம், கூரையோடு ஒட்டினாற்போல் இரண்டு யன்னல். ஜனவரியில் ஸ்னோ யன்னலை மூடிவிட்டால் பகலிலும் லைட் போட வேண்டும். மேலே இருக்கிற வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் தூங்குகிறவர். நல்ல மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் பிள்ளைகள் கத்தி விளையாடினால் நாங்களே "மெல்ல, மெல்ல" என்று அடக்கிவிடுவோம். 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும் என்று 2017இல் வெளிவந்த கனடிய வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் ஹோலில் எட்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். எங்களுக்கு முற்றம் என்று இருப்பது அந்தப் பூங்கா ஒன்றுதான்.

மார்ச் வந்தால் நிலைமை மாறும். இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவோம். முதல் நாள் ஆறே காலுக்கு மறைந்த சூரியன் அன்றைக்கு ஏழே கால் வரை நிற்கும். டேகேரில் இருந்து ஐந்தரைக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். டிசம்பரில் அதே நேரம் கும்மிருட்டு. அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நாங்கள் குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கிறோம்.

பூங்காவில் அப்போது எல்லாம் சேறுதான். ஆனால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சறுக்கின் அடியில் உருகின தண்ணீர் குளமாக நிற்கும். ரப்பர் பூட்ஸோடு அதற்குள் குதிப்பதற்கென்றே மகன் ஓடுவான். வேலியோரம் ஸ்னோ இறங்க இறங்க, குளிர்காலத்தில் தொலைந்த ஒற்றைக் கையுறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். யாராவது எடுத்து வேலிக் கம்பி முனையில் செருகிவிட்டுப் போவார்கள். போன வருடம் நாங்கள் ஏழு எண்ணினோம். ஏழாவது, டிசம்பரில் மகள் தொலைத்துவிட்டு அழுத மஞ்சள் கையுறை. உப்புப் படிந்து, விறைத்துப்போய் இருந்தது. அதை ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் தடவிக்கொண்டே வந்தாள். றொபின் குருவிகள் திரும்பி வந்து ஈரப் புல்லில் மண்புழு இழுக்கும். மகன் சத்தமில்லாமல், முதுகை வளைத்துக்கொண்டு, அவற்றின் பின்னால் நடப்பான். நான்கு மாதம் வீட்டுக்குள் சுவரில் முட்டிக்கொண்டிருந்த அதே பிள்ளை.

சரி, இப்போது கழிப்பறைக்கு வருகிறேன்.

போன வருட மார்ச் விடுமுறை, புதன்கிழமை. மகனுக்கு பம்பஸை விட்டு ஆறு வாரம். அதுவரைக்கும் ஒரு தரமும் பிசகவில்லை, அவனுக்கு அதில் பெரிய பெருமை. பூங்காவுக்குப் போய் முக்கால் மணித்தியாலம் இருக்கும். ஊஞ்சலில் இருந்தவன் காலை இறுக்கிக்கொண்டு "அம்மா, ஒண்டுக்கு வருது" என்றான். தூக்கிக்கொண்டு கழிப்பறைக் கட்டடத்துக்கு ஓடினேன். சாம்பல் நிற இரும்புக் கதவு, பூட்டு, "பருவகாலம் முடிந்துவிட்டது" என்று ஒரு அறிவித்தல். எப்போது திறக்கும், பக்கத்தில் வேறு எது திறந்திருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்கு ஓடினேன். அதுவும் பூட்டு. ஸ்னோ பாண்டுக்குள் ஒரு காற்சட்டை, அதற்குள் உள் காற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தோள்வார். நான் ஜாக்கெட்டின் சிப்பைத் திறந்துகொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறிவிட்டது. பிறகு சூடாக ஒரு ஈரம் என் கையில் பட்டது.

அவன் அழவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு 3 பாகை, ஏரிப் பக்கமிருந்து காற்று. வீட்டுக்கு 15 நிமிட நடை. நனைந்த துணி குளிரத் தொடங்கியதும் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு நடந்தேன். மகள் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவன் காலைச் சுற்றிவிட்டு, அது விழாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வந்தாள். வீட்டில் கழற்றிப் பார்க்கும்போது தொடை இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. அடுத்த நாள் பூங்காவுக்குப் போவோமா என்று கேட்டேன். "பம்பஸ் போட்டுவிடுங்கோ, அப்ப வாறன்" என்றான். அதற்குப் பிறகு அவனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாதம் பிடித்தது.

மூன்று வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 150 மில்லிலீட்டர்தான் கொள்ளும், ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை அளவு. குளிரில் சிறுநீர் இன்னும் கூடச் சுரக்கும். தோலருகில் இருக்கிற இரத்தக் குழாய்கள் குளிருக்குச் சுருங்கும்போது இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும், சிறுநீரகம் மேலதிக நீரை வெளியே தள்ளும். ஆக, ஜூலையைவிட மார்ச்சில்தான் பிள்ளைக்குக் கழிப்பறை அவசரமாகத் தேவை. அடக்கி வைக்கப் பழகினால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும் என்று குழந்தை மருத்துவர்கள் எங்களுக்கு ஓயாமல் சொல்கிறார்கள். மரத்துக்குப் பின்னால் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆறு வயது மகளிடம் அதை என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

என் அம்மாவிடமும் சொல்ல முடியாது. அம்மா, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்குக் கொடுக்கிற சூப்பர் விசாவில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிற நாட்களில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான். 68 வயது, சலரோகம் (நீரிழிவு) இருக்கிறது. போன ஏப்ரலில்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பூங்காவுக்குப் போகிற நாட்களில் அம்மா மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கிறதை நிறுத்திவிடுகிறார். பின்னேரத் தேத்தண்ணியும் இல்லை. போத்தலில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறார், தான் ஒரு மிடறு குடிப்பதில்லை. கேட்டதற்கு, "அங்க போய் நான் எங்க மோனை போறது?" என்றார். சலரோகக்காரர் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பேரப்பிள்ளைகள் வெயில் காண வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அதைச் செய்கிறார்.

இப்படி எத்தனை அம்மம்மாமார் இருக்கிறார்கள் என்று பூங்கா வாங்கில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பாருங்கள். தமிழ் மட்டுமில்லை, பஞ்சாபியும் கன்ரனீசும் உருதுவும் பேசுகிற பாட்டிமார் ஸ்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு அந்த வாங்குகளில் இருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பூங்காக் கட்டடங்கள் கோடைக்கென்று கட்டப்பட்டவை. சுவரில் காப்பு இல்லை, சூடாக்கி இல்லை. தெற்கு ஒன்ராறியோவில் குளிர் நிலத்துக்குள் 4 அடி வரைக்கும் இறங்கும் என்று கணக்கு வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள். அந்த ஆழத்துக்கு மேலே கிடக்கிற குழாயில் தண்ணீர் நின்றால் உறையும், உறைந்தால் குழாய் வெடிக்கும். ஏப்ரல் கடைசியிலும் உறைபனி விழுகிற இரவுகள் உண்டு. மே மாதம் வருகிற விக்ரோரியா தின வார இறுதி வரைக்கும் நாங்களே கத்தரிக் கன்றை வெளியே நடுவதில்லை. பருவகால ஊழியர்களும் மே மாதத்தில்தான் வேலைக்கு வருகிறார்கள். இதெல்லாம் உண்மை.

ஆனால் ஐஸ் ரிங்க் இருக்கிற பூங்காவின் கதை வேறு. ரிங்கின் பக்கத்தில், ஸ்கேட்டிங் பூட்ஸ் மாற்றுகிற கட்டடத்துக்குள், சூடாக்கி போட்ட கழிப்பறை இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அது வேலை செய்கிறது. வெளியே மைனஸ் 20இல் காற்று அடிக்கும்போதும் குழாயைத் திறந்தால் சூடான தண்ணீர் வரும், நான் அதில் பிள்ளைகளின் கையைக் கழுவியிருக்கிறேன். மார்ச் நடுவில் ஐஸ் இளகியதும் ரிங்கை மூடுகிறீர்கள், அதோடு அந்தக் கழிப்பறைக்கும் பூட்டு விழுகிறது. குளிர் குறைந்து பிள்ளைகள் சாரிசாரியாக வெளியே வருகிற அதே வாரத்தில், குளிருக்கென்றே கட்டின கழிப்பறை மூடப்படுகிறது. குழாய் உறையும் என்ற காரணம் அந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது. அங்கே தேவைப்படுவது, காலையில் திறந்து, துப்புரவு செய்து, இரவில் பூட்டுகிற ஒரு ஆளின் சம்பளம், மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. இரண்டு மாதம்.

இதைத்தான் முதலில் செய்யச் சொல்லிக் கேட்கிறேன். ரிங்க் கட்டடம் இருக்கிற பூங்காக்களில் ரிங்க் மூடினாலும் கழிப்பறையை மூடாதீர்கள். சமூக நிலையம் ஒட்டியிருக்கிற பூங்காக்களில் செலவு அதைவிடக் குறைவு. நிலையத்தின் கழிப்பறைக்கு, பூங்காவில் இருந்து வருகிறவர்களும் போகலாம் என்று வாசலில் எழுதிப் போட்டாலே போதும். இப்போதும் போனால் யாரும் தடுக்கிறதில்லைதான். ஆனால் புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள், ஆங்கிலம் தயங்குகிறவர்கள், சேறு படிந்த பூட்ஸோடு ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு வரவேற்பு மேசையைக் கடந்து போகக் கூச்சப்படுகிறார்கள். என் அம்மா ஒரு நாளும் போனதில்லை. வேறு வழியே இல்லாத பூங்காக்களுக்கு, கோடையில் உதைபந்தாட்டத் திடலுக்குக் கொண்டுவந்து வைக்கிற தற்காலிகக் கழிப்பறையில் ஒன்றை இரண்டு மாதம் முன்னாலேயே கொண்டுவந்து வையுங்கள். கதவில் ஒட்டுகிற அறிவித்தலில் திறக்கிற திகதியையும், பக்கத்தில் திறந்திருக்கிற கழிப்பறையையும் எழுதுங்கள். அந்தப் புதன்கிழமை எனக்கு அந்த ஒரு வரி கிடைத்திருந்தால் நான் வேறு பக்கம் ஓடியிருப்பேன்.

செய்ய முடியாத காரியம் இல்லை. 2020-21 கொரோனாக் குளிர்காலத்தில், சனங்கள் வெளியே மட்டும்தான் சந்திக்க முடியும் என்ற நிலை வந்தபோது, ரொறன்ரோ கூடுதலாகப் பல பூங்காக் கழிப்பறைகளைக் குளிர்காலத்திலும் திறந்து வைத்தது.

ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் வருகிறது. 2014இல் ஒன்ராறியோ சட்டசபை அதைச் சட்டமாக்கியதில் இருந்து உங்களில் பலர் ஒவ்வொரு வருடமும் எங்கள் பொங்கலுக்கு வந்து, எங்களோடு இருந்து சாப்பிட்டுப் போகிறீர்கள். எங்களுக்கு அது உண்மையான சந்தோஷம். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உங்களுக்குக் கைகொடுத்த அந்த அம்மம்மாமார்தான் மார்ச்சில் தண்ணீர் குடிக்காமல் பூங்காவில் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கிற தமிழ்ப் பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். நகரசபையில் நான் பேசியபோது, இதைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்ததில்லை என்றார்கள். நம்ப முடிந்தது. நாங்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம். இனிப் பூட்டின கதவைக் கண்டால் அங்கேயே நின்று நகரசபைக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். பூங்காவின் பெயர், நேரம், பிள்ளையின் வயது, இவ்வளவு சொன்னால் போதும். தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று தெரியாவிட்டால் அதையும் அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற மார்ச் விடுமுறையின் முதல் நாளான திங்கட்கிழமை, காலை 10 மணிக்கு, நான் பிள்ளைகளோடும் அம்மாவோடும் ரிங்க் கட்டடத்தடியில் இருப்பேன். உங்களில் யாராவது வந்தால் நேரில் பேசலாம். அன்றைக்குக் காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வரலாமா என்று அம்மா இப்போதே கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும் என்று அதற்குள் எனக்கு அறியத் தாருங்கள்.

அன்போடும் எதிர்பார்ப்போடும்,
இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி