ஃப்ராய்டின் மேசையில் ஒரு விஷ்ணு

ஆசிரியருக்கு,

மனதின் ஆழத்தில் மறைந்திருக்கும் ஆசைகளை ஆராயும் உளப்பகுப்பாய்வு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை வியன்னாவில் தொடங்கி, லண்டன், பாரிஸ் என்று சுற்றி முடிந்துவிட்டது. சரி, கல்கத்தா எங்கே போனது? அங்கே மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதாடவும் செய்தார். ஓர் ஆசை இருந்தால் அதற்கு எதிரான ஆசையும் மனதில் கூடவே இருக்கும் என்பது போஸின் வாதம். ஃப்ராய்டின் 75-வது பிறந்த நாளுக்குச் சங்கம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை ஃப்ராய்டின் மேசைக்கே போனது.

பிறகு வந்த உளப்பகுப்பாய்வாளர்கள் க்ளைனும் வினிகாட்டும் தாயையும் குழந்தையையும் கவனித்தார்கள். எங்கள் பக்கத்துக் கதை வேறு. ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவிலிருந்து திரும்பிய அன்று, சிறுவனாக இருந்த என் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) முகப்புத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது யாரு?" என்று கேட்டாராம். அப்பத்தா இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

தகப்பனைப் பற்றி இவ்வளவு பேசிய ஃப்ராய்டின் கோட்பாடு, தகப்பன் வருடக்கணக்கில் கடல் கடந்து கிடந்த செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி என்ன சொல்லும்? அதையும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், காரைக்குடி